கம்பெனி சிஸ்டத்தில் பாகம் மாற்ற முடியுமா? மண்டபத்துக் காற்றில் என் அனுபவம்

9.6.2025 – கீழக்கரையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணே, வாப்பா 2014-ல் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த பிராண்டட் கம்ப்யூட்டர் சிஸ்டம். நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், ராம் (தற்காலிக நினைவகம்) 4 ஜி.பி., ஹார்டு டிஸ்க் 500 ஜி.பி. சுவிட்ச் போட்டுவிட்டு மாவு பிசைந்து முடித்தாலும் திரை வந்தபாடில்லை என்று உம்மா சொல்கிறார்கள். கடையில் கேட்டால், "கம்பெனி சிஸ்டத்துல எதையும் மாத்த முடியாது, எல்லாம் அவங்க ஸ்பேர்தான் சேரும், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்கிறார்கள். தங்கச்சி பி.காம். படிக்கிறாள், டேலி கணக்கு மென்பொருள் பழக வேண்டும். கையில் 6,000 ரூபாய்தான் இருக்கிறது. உண்மையிலேயே மாற்ற முடியாதா?

9.6.2025, இரவு

முடியும். ராம், ஹார்டு டிஸ்க் இரண்டையும் தயங்காமல் மாற்றலாம். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கிற பெட்டி, அதைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எல்லாப் பாகமும் சொருகியிருக்கிற மதர்போர்டைத் தொட வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் சிபியுவின் பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம், சிஸ்டம் எந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

10.6.2025

எனக்கு வீடும் கடையும் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊரில். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். பன்னிரண்டு வருடமாக ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருக்கிற மூன்று சிஸ்டமும் பிராண்டட்தான், மூன்றும் பழசு வாங்கியவை.

2018-ல் அதில் ஒன்று திடீரென்று நின்றுபோனது. சுவிட்ச் போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, உள்ளே பீப் சத்தம் மட்டும். திறந்து பார்க்கலாம் என்று பின்பக்கத் திருகாணியில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். திருகாணித் தலை கருப்பட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. குறடு வைத்துத் திருகித்தான் மூடியைக் கழற்றினேன். உள்ளே விசிறிக்குக் கீழே பஞ்சு மெத்தை போல் தூசி, ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டை. அதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கும். ராம் குச்சியை உருவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடி விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும் அல்லவா, அதில் நாலைந்து பற்களில் பச்சை. குத்துவிளக்கைத் துலக்காமல் மழைக்காலம் முழுக்க விட்டால் மடிப்புகளில் படியுமே, அதே களிம்பு. செம்பு இருக்கிற இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வருவது.

அடுப்படியில் உப்பு மரவையைப் பாருங்கள். சில நாள் உப்பு பொலபொலவென்று இருக்கும், சில நாள் நீர்விட்டுக் கசகசக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் அலை உடைந்து தெறிக்கிற திவலை காற்றோடு வந்து வீட்டுக்குள் படிகிறது. சன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் மதர்போர்டு மேலும் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி நீர்விடுகிறது, கரன்ட் பாய்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பாலம் போடுகிறது.

பாம்பனில் இந்த ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப்பட்ட பெயின்ட் பூச்சும் தேவைப்பட்டன. 1914-ல் கட்டிய பழைய பாலம் உப்போடு நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியதைப் பார்த்துத்தான் அந்த ஏற்பாடு. நம் வீட்டு மேசைக்கடியில் இருக்கும் தகரப்பெட்டிக்கு ஏற்பாடு எதுவும் இல்லை, நாமாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் முதலில் திறக்கச் சொன்னேன். "மெதுவாக ஓடுகிறது" என்று கொண்டுவருகிற சிஸ்டங்களில் பல, உள்ளே சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவுகிற பேஸ்ட்டை மாற்றியதுமே பாதி சரியாகிவிடுகின்றன.

பச்சை பிடித்த ராமை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டேன். ஓடியது.

12.6.2025

படங்கள் பார்த்தேன் தம்பி. நல்ல நிலையில் இருக்கிறது, உள்வீட்டில் வைத்திருந்தது காப்பாற்றியிருக்கிறது. பின்பக்க யு.எஸ்.பி. ஓட்டைகள் மட்டும் துரு.

ராம் விஷயம். உங்கள் போர்டில் ராம் சொருகுகிற பள்ளம் இரண்டு, ஒன்று காலி. நாலாம் தலைமுறைக்கு டி.டி.ஆர்.3 வகை ராம்தான் பொருந்தும். டி.டி.ஆர்.4 குச்சியின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது, அழுத்தவும் கூடாது. இப்போது இருக்கிற குச்சியை உருவி, அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வேகம் 1600 என்று இருக்கும், அதே வேகத்தில் 8 ஜி.பி. ஒன்று கேளுங்கள். பழைய 4 ஜி.பி.யோடு சேர்த்து 12 ஆகும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

திறக்காமலே பார்க்க வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எத்தனை பள்ளத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும்.

அப்புறம், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். வீட்டு உபயோக 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. எட்டு போட்டாலும் மூன்று சொச்சம்தான் கைக்கு வரும். என் கடைக்கு வந்த ஒருவர் ராம் பழுது என்று இரண்டு முறை மாற்றி வாங்கிவிட்டார், பாவம்.

12.6.2025, இரவு

அழிரப்பர் என்று அன்றைக்கு எழுதியதைத் திருத்துகிறேன். மொபைல் சர்வீஸ் செய்கிற நண்பர் படித்துவிட்டு போன் செய்தார். அந்தப் பற்களில் தங்கப்பூச்சு மிக மெல்லியது, ரப்பர் கொண்டு அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும், அப்புறம் களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும் என்றார். அவர் சொல்வது சரி. நான் தேய்த்த குச்சி எட்டு மாதத்தில் மறுபடி பீப் அடித்தது, அப்போது காரணம் யோசிக்கவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். அதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒரே பக்கமாகத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். முற்றிய களிம்புக்கு மட்டும் ரப்பர், அதுவும் பூப்போல.

17.6.2025

மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மச்சான் விசைப்படகில் போகிறவர். 61 நாள் கழித்து நேற்றுத்தான் படகின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து எடுத்துப்போய் மாட்டினார். அவரிடம் இந்தப் பேச்சைச் சொன்னேன். "சும்மா வச்சாத்தான் மாப்பிள்ளை சாகும். நான் தெனமும் சாயங்காலம் அரை மணி நேரம் பேட்டரியில் போட்டு விட்டுருவேன். சூடு இருந்தா உப்பு உக்காராது" என்றார்.

என் அனுபவமும் அதுதான். கடையில் தினமும் பத்து மணி நேரம் ஓடுகிற சிஸ்டம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வீட்டில் துணி போர்த்தி, பத்திரமாக மூடி வைத்திருந்த மூன்றாவதுதான் 2018-ல் படுத்தது. ஓடும்போது உள்ளே வெளிக்காற்றைவிடச் சூடு. சூடான இடத்தில் ஈரப்பதம் குறையும், உப்பு நீர்விடாது. மாதக்கணக்கில் அணைத்து வைத்தால் ஒவ்வொரு ராத்திரியும் நனைந்து நனைந்து காய்கிறது. லீவுக்கு ஊர் போனாலும், திரும்பி வந்ததும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள்.

18.6.2025

தம்பி சரியான கேள்வி கேட்டிருக்கிறார்: ஓடும்போது விசிறியே உப்புக் காற்றை உள்ளே இழுக்கிறதே, அப்போது ஓட விடுவது எப்படி நல்லது?

ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இழுக்கத்தான் செய்கிறது. இன்னொன்று, 75 சதவீதம் என்று நான் எழுதியது சுத்தமான உப்புக்கு. கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருக்கிறது, அது அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நீர்விடும். கல் உப்பு மட்டும் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருப்பதும் பாக்கெட் தூள் உப்பு அப்படி இல்லாததும் அதனால்தான். ஆகவே சூடு முழுக்கக் காப்பாற்றிவிடும் என்று சொன்னது அதிகம். ஓட்டவும் வேண்டும், வருடத்துக்கு இருமுறை திறந்து துலக்கவும் வேண்டும். கடல் பார்த்த சன்னலுக்கு நேராக வைக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை மேல் வைத்தால் மணலும் குறையும்.

கொசுவலைத் துணியை முன்பக்கம் ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பஞ்சுத் தூசி நிற்கும், உப்பு நிற்காது. ஒட்டினால் மாதாமாதம் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுத் திணறிச் சூடேறும்.

25.6.2025

எஸ்.எம்.பி.எஸ். கதை. இதை எழுதத்தான் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் உங்களிடம் சொன்னதில் இது ஒன்றில் மட்டும் உண்மை இருக்கிறது.

2019-ல் ஒரு மாலை கரன்ட் போய்ப் போய் வந்தது, பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாசம். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. அடுத்த நாள் கடையைச் சாத்திவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். 450 வாட்டில் நல்லதாக ஒன்று வாங்கி, அன்றிரவே திரும்பி வந்து திறந்தால், புதிதில் 24 முள் (பின்) வாய், என் போர்டில் இருந்ததோ 8 முள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சேருகிற வழியே இல்லை. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் எல்லாம் 24 முள்தான், அதைப் பார்த்துப் பழகியதால் அளக்காமல் போய்விட்டேன். இரண்டு நாள் கடை மூடல், போக வர முன்னூறு கிலோமீட்டர்.

பெரிய நிறுவனங்கள் பல தங்கள் ஆபீஸ் மாடல்களில் இப்படித் தனி முள் வைக்கின்றன. 6, 8, 10, 14 என்று ஆளுக்கொரு கணக்கு. எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டை மட்டும் கொடுக்கும், 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மதர்போர்டிலேயே உண்டாகும். ஹார்டு டிஸ்க்குக்கான கரன்டும் போர்டிலிருந்தே வரும். மின்சாரம் வீணாவது குறையும் என்பதால் யோசனை நல்லதுதான். ஆனால் ராமேசுவரம் தீவிலோ தொண்டியிலோ இருக்கிற ஒருவனுக்கு ராத்திரியில் ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

இணைப்புக் கம்பி விற்கிறார்கள், 24 முள்ளிலிருந்து 8 முள்ளுக்கு. நானும் கடைசியில் அதைத்தான் வரவழைத்துப் போட்டேன், இன்றுவரை ஓடுகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. சில போர்டுகளுக்கு அணைத்திருக்கும்போது வருகிற காத்திருப்பு மின்சாரத்தின் வோல்ட்டே வேறு. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்கென்றே செய்ததை வாங்குங்கள்.

தம்பி, உங்கள் படத்தில் எண்ணிப் பார்த்தேன், உங்களுடையதும் 8 முள். இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். நன்றாக ஓடுகிறவரை தொடாதீர்கள். ஒரு யு.பி.எஸ். மட்டும் முடிந்தபோது வாங்கிவிடுங்கள்.

26.6.2025

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? வீட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

6.7.2025

தம்பி இன்று சிஸ்டத்தைப் போர்வையில் சுற்றி, கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மண்டபம் வந்துவிட்டார். கூடவே உம்மா கொடுத்துவிட்ட தொதல் இனிப்பு ஒரு டப்பா.

முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தோம். மஞ்சள், அதாவது எச்சரிக்கை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வாப்பா அனுப்பிய படங்கள் எல்லாம் போயிருக்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. (சுற்றுகிற தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) மாற்றுகிற யாரும் இதை முதலில் பார்க்க வேண்டும், மஞ்சளோ சிவப்போ என்றால் வேறு எதையும் செய்யாமல் முதலில் படங்களை வெளியே நகலெடுங்கள். நாங்கள் அதைத்தான் இரண்டு மணி நேரம் செய்தோம், நடுவில் சாப்பாடு.

போட்டது 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க் போலவே கம்பியில் மாட்டுகிற சாட்டா வகை. குச்சி வடிவ எஸ்.எஸ்.டி. சொருகுகிற எம்.2 பள்ளம் இந்தப் போர்டில் இல்லை. கடையில் "புது மாடல், இன்னும் வேகம்" என்று குச்சி வடிவ என்.வி.எம்.இ.யைக் கையில் திணித்தால் வாங்கிவிடாதீர்கள். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல் படிக்கும், பழைய ஹார்டு டிஸ்க் நூறு, நூற்றைம்பதைத் தாண்டாது. சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் அதிகம், தட்டு சுற்றி ஊசி போய்ச் சேருகிற வேலையே இல்லை.

எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துகிற சட்டம் (பிராக்கெட்) வாங்கத் தம்பி மறந்துவிட்டார். எடையே இல்லாத பொருள், ஆடுகிற பாகமும் உள்ளே இல்லை, இரட்டைப் பக்க டேப் வைத்துப் பெட்டித் தரையில் ஒட்டினோம். பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுக்காமல் 64 பிட்டைப் புதிதாகப் போட்டோம். பதினொரு வருடக் குப்பையை ஏன் புது வீட்டுக்குச் சுமக்க வேண்டும்?

பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. துடைத்து, பயறு அளவுக்குப் புதியது வைத்தேன். பயாஸ் பேட்டரி, அந்த வட்டக் காசு மாதிரி இருக்குமே சி.ஆர்.2032, அதையும் மாற்றினோம். மணி தப்பாகக் காட்டியதற்கு அதுதான் காரணம்.

காலையில் வந்தபோது சுவிட்ச் போட்டு போனில் நேரம் பார்த்தோம்: 5 நிமிடம் 50 நொடி. மாலையில்: 24 நொடி. தம்பி ஒன்றும் பேசவில்லை. அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும்.

எஸ்.எஸ்.டி. 2,700, ராம் 1,100, பேஸ்ட்டும் பேட்டரியும் சேர்ந்து 200. 6,000-த்தில் மிச்சம் 2,000.

7.7.2025

முன்விசிறிக் கம்பியை நேற்று மாட்ட மறந்ததால்தான் இன்று காலை "எஃப்1 அழுத்து" என்று நின்றது தம்பி. பயப்படாதே. பிராண்டட் போர்டு தன் விசிறி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். நீயே திறந்து மாட்டிவிடலாம், நாலு முள் சொருகி, ஒரு பக்கம்தான் சேரும்.

23.8.2025

ஐ3-யை எடுத்துவிட்டு ஐ7 போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். நாலாம் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ.1150 சாக்கெட், ஐ5-4570, ஐ7-4770 உட்காரும். பழையது மட்டும்தான் கிடைக்கும். ஐ3-4130 54 வாட், அவை 84 வாட். சின்னப் பெட்டியில் வந்த விசிறிக்கு அந்தச் சூடு அதிகம். டேலிக்கும் விண்ணப்பத்துக்கும் தேவையில்லை என்பது என் எண்ணம். வீடியோ எடிட்டிங் என்றால் யோசிக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு அளவுகோல் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒல்லிப் பெட்டியில் பின்தகடு சுமார் 8 செ.மீ. உயரம்தான் கொள்ளும், சாதாரணக் கார்டின் தகடு 12 செ.மீ. பள்ளத்திலிருந்து அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும், தனிக் கம்பி கேட்கிற கார்டுக்கு நம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கம்பி இருக்காது. ஜி.டி.1030 கார்டு என்றால் 30 வாட், அது போதும்.

16.10.2025

விண்டோஸ் 10-க்கு நேற்று முன்தினம், 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. "இப்போதாவது புதுசு வாங்கணுமா அண்ணே" என்று தம்பியின் தங்கச்சியே எழுதியிருந்தாள். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக ஏற்காது, டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் கேட்கும். நாலாம் தலைமுறைக்கு முறையான வழி இல்லை. குறுக்கு வழி சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன, கணக்கு வழக்கு வைக்கிற சிஸ்டத்தில் நான் செய்ய மாட்டேன்.

ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. அதில் சேர்ந்துகொள் தங்கச்சி, அதற்குள் உன் படிப்பில் பெரும்பகுதி முடிந்துவிடும். என் கடையில் ஒன்றுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளம் போட்டுவிட்டேன், தமிழ்99 தட்டச்சும் பிரவுசரும் நன்றாக ஓடுகின்றன. டேலி விண்டோஸுக்கானது, அதனால் உனக்கு அது சரிப்படாது.

நல்ல பெட்டியை மென்பொருள் தேதி பார்த்துத் தூக்கிப் போடச் சொல்வது எனக்கு வயிற்றெரிச்சல். எத்தனை வீட்டில் பரண் ஏறப் போகிறதோ, பரண் ஏறினால் இந்தக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது.

9.12.2025

ராம் விலை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது. ஏ.ஐ. சர்வர்களுக்குத் தயாரிப்பெல்லாம் போகிறது என்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் டி.டி.ஆர்.3-க்குக் கழற்றிய பழைய குச்சியைக் கேட்டுப் பாருங்கள், பற்களை வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

14.12.2025

தம்பி போன் செய்தான். போன மாதக் கடைசி மழையில் வீட்டுக்குள் ஈரம், இரண்டு வாரம் சிஸ்டத்தைப் போடவே இல்லை. நேற்று போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, பீப் அடிக்கிறது. கடைக்கு எடுத்துப் போகட்டுமா என்றான்.

எடுத்துப் போகாதே, கரன்ட் சொருகியை உருவு, பெட்டியைத் திற, ராம் இரண்டையும் கழற்று, ஐ.பி.ஏ. தொட்டுத் துடை என்றேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தான். தங்கச்சி டார்ச் பிடித்தாள் போல, "இந்தப் பக்கம் பச்சையா இருக்கு பாரு காக்கா" என்று அண்ணனைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. பஞ்சு நாலு மாற்றினார்கள். கால் மணி நேரம் காயவிட்டு, டக்கென்று இரண்டு பக்கக் கொக்கியும் விழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

திரை வந்துவிட்டது. ஒரு மணி நேரம் அணைக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

15.12.2025

தம்பி, பச்சை பிடித்தது 4 ஜி.பி. குச்சியா, 8 ஜி.பி.யா? 4 என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு எட்டோடு மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுது.

15.12.2025, மாலை

4 தானாம்.